எலுமிச்சம்பழம் நாலு, தவணை எண்பத்துநாலு

நீளமான பதிவு இது. எம்ஆர்டியில போகும்போது படிங்க, வண்டி ஓட்டும்போது வேண்டாம்.

போன சனிக்கிழமை அன்னதானம் முடிஞ்சு பாத்திரம் கழுவிக்கிட்டிருந்தோம். எங்களோட சேவைக்கு வர்ற ஒரு தம்பி கைப்பேசியை நீட்டினார். “அண்ணே, இதப் பாருங்க. ஜெர்மன் கார். 62,000 வெள்ளிதான். புதுசா எடுத்தா முந்நூறாயிரம் ஆகும். எடுத்துடலாமா?” நாங்க நாலு பேர் அங்கே நின்னோம். நாலு பேரும் நாலு பதில் சொன்னோம். ஒருத்தர் “எடுடா, இதுக்கு மேல மலிவா வராது”ன்னார். இன்னொருத்தர் “வேண்டவே வேண்டாம்”னார். தம்பி குழம்பிப்போய் வீட்டுக்குப் போனார். அவருக்கு ஒழுங்கா ஒரு பதில் சொல்லணும்னு உட்கார்ந்து கணக்குப் போட்டோம். போட்டுக்கிட்டே போகப்போக, இது அவருக்கு மட்டுமில்லை, எங்களுக்கும் சேர்த்துன்னு தெரிஞ்சது. ஏன்னு பின்னாடி சொல்றோம்.

முதல்ல ஒண்ணு. நாங்க கார் எதிரிகள் இல்லை. எங்க குழுவிலேயே மெர்சிடிஸ் ஓட்டுறவர் இருக்கார், லெக்ஸஸ் ஓட்டுறவர் இருக்கார். வாகன பூஜைக்குப் புதுக் கார் வந்தா எலுமிச்சம்பழம் எடுத்துட்டு ஓடுறதே நாங்கதான். நாலு சக்கரத்துக்கு நாலு பழம், சந்தனம், குங்குமம், மாலை, பூசணிக்காய், கற்பூரம். குடும்பமே நின்னு படம் எடுக்கும். பார்க்கச் சந்தோஷமாத்தான் இருக்கும். வருஷத்துக்கு எத்தனை வண்டிக்குப் பழம் வைக்கிறோம்னு நாங்க எண்ணினதில்லை. ஆனா ஒண்ணு கவனிச்சிருக்கோம். ஆசையா வந்த பெரிய வண்டிகள்ல பல, மூணு நாலு வருஷத்துல வாசல்ல காணாமப் போயிடும். சில நேரம் வண்டியோட சேர்ந்து ஆளும்.

இந்த ஊர்ல கார் வாங்குறதுன்னா என்ன? தமிழ்நாட்டிலிருந்து புதுசா வந்தவங்களுக்கு இது புரியவே ஒரு வருஷம் ஆகும். அங்கே ஒரு அம்பாசடரை முப்பது வருஷம் வச்சிருந்த சித்தப்பா நம்ம எல்லார் வீட்டிலும் இருப்பார். இங்கே அது முடியாது. 1990 மே மாதம் வாகனப் பங்கீட்டு முறை வந்தது. அதே வருஷம் ஜூலையிலதான் பூன் லே எம்ஆர்டி நிலையம் திறந்தாங்க. ரெண்டு மாச இடைவெளியில நம்ம வட்டாரத்துக்கு ரயிலும் வந்தது, காருக்குக் கடிவாளமும் வந்தது. அப்போதிருந்து சிஓஇ, அதாவது வாகன உரிமைச் சான்றிதழ், இல்லாம ஒரு காரையும் பதிவு செய்ய முடியாது. ஏலத்துல எடுக்கணும். பத்து வருஷம்தான் செல்லும். பத்து வருஷம் முடிஞ்சா வண்டியைப் பதிவிலிருந்து நீக்கணும், இல்லைன்னா அன்னைக்கு இருக்கிற மூணு மாதச் சராசரி விலையைக் கட்டி அஞ்சு வருஷமோ பத்து வருஷமோ நீட்டிக்கணும்.

ஆக, நாம வாங்குறது காரை இல்லை. பத்து வருஷக் குத்தகையை. இது எல்லாருக்கும் தெரிஞ்ச விஷயம்தான். ஆனா தெரிஞ்சுக்கிட்டே மறந்துபோற விஷயமும் இதுதான்.

ஒரு கணக்குப் பார்ப்போம். 2024இல் பதிவாகிற ஒரு சொகுசுக் கார். துறைமுகத்துல வந்து இறங்கும்போது அதன் மதிப்பு (ஓஎம்வி) 50,000 வெள்ளின்னு வச்சுக்குவோம். அதுக்கு மேல கூடுதல் பதிவுக் கட்டணம், ஏஆர்எஃப்னு சொல்வாங்க. முதல் 20,000க்கு நூறு விழுக்காடு, அடுத்த 20,000க்கு 140 விழுக்காடு, அதுக்கு மேல உள்ள 10,000க்கு 190 விழுக்காடு. கூட்டினா 67,000. காரின் மதிப்பைவிட வரி அதிகம், கவனிங்க. (80,000க்கு மேல மதிப்புள்ள வண்டின்னா, அந்த மேல் பகுதிக்கு 320 விழுக்காடு. அந்தப் பக்கம் நாங்க போகலை, எங்களுக்குத் தலை சுத்தும்.) உற்பத்தித் தீர்வை 20 விழுக்காடு, அது 10,000. ஜிஎஸ்டி 5,400. சிஓஇ ஒரு 110,000ன்னு வைங்க. டீலர் லாபம், இதர செலவெல்லாம் சேர்த்து 280,000க்கு விக்கிறாங்கன்னு வச்சுக்குவோம். இதுல உண்மையான கார், அதாவது இரும்பு, ரப்பர், தோல் சீட்டு எல்லாம் சேர்ந்து 50,000தான். மிச்சம் எல்லாம் காகிதம்.

பத்தாவது வருஷக் கடைசியில பதிவு நீக்கும்போது அந்த ஏஆர்எஃப்ல பாதி திரும்ப வரும். 33,500 வெள்ளி. அதுக்கும் 2023 பட்ஜெட்ல 60,000ன்னு ஒரு உச்சவரம்பு போட்டாங்க, ரொம்ப விலை உயர்ந்த வண்டிக்காரங்களுக்கு அது உறைக்கும். நம்ம கணக்குல 280,000ல 33,500 போக 246,500 வெள்ளி பத்து வருஷத்துல கரைஞ்சு போகுது. வருஷத்துக்கு 24,650. மாசத்துக்கு ரெண்டாயிரத்துக்கு மேல. வண்டியைத் தொடாம, மூடி போட்டு புளோக் கீழே நிறுத்தி வச்சாலும் இது போகும். பெட்ரோல், இன்சூரன்ஸ், ரெண்டு லிட்டர் எஞ்சினுக்கு வருஷம் ஏறத்தாழ 1,200 வெள்ளி சாலை வரி, வீவக கார்பார்க் மாசம் 110, இஆர்பி எல்லாம் தனி.

கடன்ல வாங்கினா இன்னும் கொஞ்சம். 20,000க்கு மேல மதிப்புள்ள காருக்கு விலையில 60 விழுக்காடுதான் கடன் தருவாங்க, ஏழு வருஷத்துக்கு மேல போகக்கூடாது. 168,000 கடன். விளம்பரத்துல 2.8 விழுக்காடு வட்டின்னு போட்டிருக்கும். அது வீட்டுக் கடன் மாதிரி குறைஞ்சுவர்ற பாக்கிக்கு வட்டி இல்லை. ஏழு வருஷமும் முழுத் தொகைக்கும் வட்டி. உண்மையான வட்டி அஞ்சு விழுக்காட்டைத் தாண்டும். மாசத் தவணை 2,392 வெள்ளி. அப்படி எண்பத்துநாலு தவணை. முன்பணம் 112,000 தனி. நடுவுல முடிக்கலாம்னு போனா, வட்டியோட பெரும்பங்கை முதல் வருஷங்களிலேயே எடுத்துக்கிற மாதிரி அந்தக் கணக்கு அமைஞ்சிருக்கும். மூணு வருஷம் கட்டியாச்சு, பாதிக் கடன் முடிஞ்சிருக்கும்னு நினைச்சுப் போனவங்க முகம் எப்படி மாறும்னு எங்களுக்குத் தெரியும்.

சரி, இது புதுக் கார். தம்பி கேட்டது பழைய கார். அதுதான் மலிவாச்சேன்னு கேட்கலாம்.

அங்கேதான் பெரிய கண்கட்டு வித்தை இருக்கு. மத்த நாடுகள்ல சொகுசுக் காரின் விலை முதல் மூணு நாலு வருஷத்துல சரிஞ்சு விழும், அப்புறம் மெதுவா இறங்கும். அதனால அங்கே அஞ்சு வருஷப் பழைய ஜெர்மன் காரை வாங்குறவன் புத்திசாலின்னு யூடியூப்ல சொல்றாங்க. அது அவங்க ஊருக்குச் சரி. இங்கே காகிதத்தோட ஆயுளைப் பொறுத்துத்தான் விலை. அது ஏறக்குறைய நேர்கோடா இறங்கும். தம்பி காட்டின வண்டிக்கு ரெண்டு வருஷ சிஓஇ மிச்சம். அது முடியும்போது கையில வரப்போறது 22,600. விலை 62,000. அப்போ ரெண்டு வருஷத்துல 39,400 போகுது. வருஷத்துக்கு 19,700. புது வண்டியோட ஒப்பிட்டா வருஷத்துக்கு அஞ்சாயிரம்தான் குறைவு. முந்நூறாயிரம் காரை அறுபதாயிரத்துக்கு வாங்குறோம்னு தோணும். உண்மையில அதே சாப்பாட்டின் கடைசி ரெண்டு கவளத்தை ஏறக்குறைய அதே விலைக்கு வாங்குறோம். அதுவும் ஆறிப்போன சாப்பாடு. புது வண்டிக்கு உத்தரவாதம் இருக்கு, இதுக்கு இல்லை. அந்த அஞ்சாயிரத்தை ஒரே ஒரு கியர்பாக்ஸ் தின்னுட்டு ஏப்பம் விடும்.

சிஓஇயை நீட்டிச்ச வண்டின்னா இன்னும் கவனமா இருக்கணும். பத்து வருஷம் தாண்டினா ஏஆர்எஃப் திருப்பித்தொகை கிடையாது. கடைசி நாள் அன்னைக்கு மிஞ்சுறது இரும்பு விலைதான். சாலை வரியும் பதினோராவது வருஷத்துலேருந்து பத்துப் பத்து விழுக்காடா ஏறி அம்பது விழுக்காடு கூடுதல் வரை போகும்.

“அப்போ எப்படி அந்த அங்கிள் மட்டும் காரை வித்து நஷ்டமே இல்லைங்கிறார்?” இந்தக் கேள்வி கண்டிப்பா வரும். காப்பிக்கடையில அரை மணி நேரம் உட்கார்ந்தா இந்தக் கதை காதுல விழும். கதை உண்மைதான். 2008 கடைசியில உலகமே பண நெருக்கடியில இருந்தபோது, ஏ பிரிவு சிஓஇ 2 வெள்ளிக்குப் போச்சு. ஆமாம், ரெண்டே ரெண்டு வெள்ளி. ரெண்டு கோப்பை தே தாரிக் காசு. அதுக்கப்புறம் ஏறி ஏறி 2013 தொடக்கத்துல பி பிரிவு 90,000ஐத் தாண்டிச்சு. நடுவுல மலிவா வாங்கினவங்க நாலு வருஷம் ஓட்டிட்டு வாங்கின விலைக்கே வித்தாங்க. அந்த அதிர்ஷ்டம் ஒரு பாடம் மாதிரி நம்ம ஆளுங்க மனசுல பதிஞ்சுபோச்சு. ஆனா 2013ல உச்சத்துல வாங்கினவங்க 2018ல விக்கப் போனபோது ஏ பிரிவு 30,000க்குக் கீழே இருந்தது. அவங்க கதையைக் காப்பிக்கடையில யாரும் சத்தமாச் சொல்றதில்லை. 2023 அக்டோபர்ல பி பிரிவு 150,001 வெள்ளி. அந்த விலைக்கு எடுத்தவங்களுக்கு அடுத்த பத்து வருஷத்துல எது நடக்கும்னு எங்க ஜோசியருக்கே தெரியாது.

தேய்மானம் இப்படின்னா, பழுது வேற கதை. ஜெர்மன் வண்டி தரமில்லாததுன்னு நாங்க சொல்லலை. அருமையான வண்டிகள். கதவைச் சாத்தும்போது வர்ற அந்தச் சத்தத்துக்கே மனசு மயங்கும். ஆனா அது வேகக் கட்டுப்பாடில்லாத நெடுஞ்சாலைக்கும் குளிர் நாட்டுக்கும் செஞ்ச வண்டி. நாம அதை 90 கிலோமீட்டருக்கு மேல போகக்கூடாத ஏஒய்இயில, காலை எட்டு மணிக்கு, ரெண்டு மீட்டர் நகர்ந்து நின்னு, ரெண்டு மீட்டர் நகர்ந்து நின்னு ஓட்டுறோம். இரட்டைக் கிளட்ச் கியர்பாக்ஸுக்கு இதைவிடக் கொடுமை கிடையாது. அந்த வகைக் கியர்பாக்ஸுக்காக 2013ல ஃபோக்ஸ்வாகன் சீனாவுல லட்சக்கணக்கான வண்டிகளைத் திரும்ப அழைக்க வேண்டியிருந்தது. சூட்டுல ரப்பர் வெடிக்குது, எஞ்சினைச் சுத்தியிருக்கிற பிளாஸ்டிக் குழாய் நொறுங்குது, ஆயில் கசியுது. ஏர் சஸ்பென்ஷன் இருக்கிற வண்டின்னா, ஒருநாள் காலையில கீழே இறங்கிப் பார்க்கும்போது யானை மண்டி போட்ட மாதிரி ஒரு பக்கம் உட்கார்ந்திருக்கும்.

இதுல பலரும் யோசிக்காத ஒண்ணு, காரின் விலை இறங்கும், ஆனா உதிரிப்பாகத்தின் விலை இறங்காது. 62,000க்கு வாங்கினாலும் அது முந்நூறாயிரம் வெள்ளி வண்டிதான், அதன் ஹெட்லைட்டுக்கும் கியர்பாக்ஸுக்கும் அது தெரியும். ஜொகூர் பாருவுக்குப் போய்ச் செஞ்சா மலிவுன்னு போறவங்க இருக்காங்க, நாங்களும் போயிருக்கோம். சின்ன வேலைக்குச் சரி. கம்ப்யூட்டர் வச்சுப் பார்க்கவேண்டிய வேலைக்கு, வண்டியை அங்கே விட்டுட்டு மூணு வாரம் பஸ்ல வந்தவரும் எங்க குழுவில இருக்கார். அதே விலைக்கு அதே வயசு ஜப்பான் வண்டி, அதுலயும் சொகுசு வேணும்னா லெக்ஸஸ், ஓடுற வரைக்கும் பெரும்பாலும் வம்பு பண்ணாம ஓடுது. கோயில் வேனையே எடுத்துக்கோங்க. பழைய டொயோட்டா. காய்கறி, அரிசி மூட்டை, சாமி சாமான், சில நேரம் நாதஸ்வரக்காரர். பார்க்க அழகில்லை. மழையில ஒழுகும். நின்னு நாங்க பார்த்ததில்லை.

இனி அந்தப் “பின்னாடி சொல்றோம்”னு சொன்ன விஷயம்.

எங்களோட இன்னொரு தம்பி இருந்தார். பேர் வேண்டாம். துவாஸ்ல ஷிஃப்ட் வேலை. ராத்திரி ஷிஃப்ட் முடிச்சுட்டு நேரா சமையல்கட்டுக்கு வந்து வெங்காயம் வெட்டுவார். வீடு பூன் லேயிலதான், கோயிலுக்கு ஒரே பஸ். எத்தனையோ வருஷம் அந்தப் பஸ்லதான் வந்தார். ஒருநாள் பழைய சொகுசுக் கார் ஒண்ணு எடுத்துட்டு வந்தார். நாலு வருஷ சிஓஇ மிச்சம். நாங்கதான் பழம் வச்சோம். “வாங்க முதலாளி”ன்னு கேலி பண்ணினோம். அடுத்த வெள்ளிக்கிழமை அவர் வந்தபோது வாசலுக்கு எதிர்ல வச்சிருந்த கோனை எடுத்து வழி விட்டோம். உள்ளே முன்வரிசையில இடம் கிடைச்சது. விபூதித் தட்டு அவர்கிட்ட முதல்ல வந்தது. அவர் கேட்கலை. நாங்களா செஞ்சோம். வெங்காயம் வெட்டின வருஷங்கள்ல ஒருநாள் கூட அவருக்குக் கோன் எடுத்ததில்லை, பஸ்ல வந்தவருக்குக் கோன் எதுக்கு?

நாலாவது மாசம் பிஐஇயில வண்டி நின்னுபோச்சு. இழுவை லாரி வச்சுத் தூக்கிட்டுப் போனாங்க. கியர்பாக்ஸ். ஒன்பதாயிரத்துச் சொச்சம். மகளோட படிப்புக்கு ஒதுக்கின பணத்துலேருந்து எடுத்துக் கட்டினார். அது முடிஞ்சு ஆறு மாசத்துல ஏர்கான், அப்புறம் ஆயில் கசிவு, அப்புறம் இன்னொண்ணு. கடைசியில வித்தார். வித்த பணம் கடன் பாக்கிக்குப் போதலை. மிச்சத்தையும் அவரே கட்டினார்.

அதுக்கப்புறம் அவர் கோயிலுக்கு வரலை. ஷிஃப்ட் மாறியிருக்கும்னு நினைச்சோம். எட்டு மாசம் கழிச்சு ஒரு கிருத்திகைக்கு அவங்க அம்மா பஸ்ல பால் பாக்கெட்டோட வந்தாங்க. “தம்பி எப்படிம்மா இருக்கார்?”னு கேட்டோம். கொஞ்ச நேரம் பேசாம இருந்துட்டுச் சொன்னாங்க: “கார் இல்லாம வர வெட்கமா இருக்குங்கிறான் ஐயா.”

ஒரே பஸ் தூரம். முன்னாடி எல்லாம் அதே பஸ்லதானே வந்தார்? அந்த வெட்கத்தை அவருக்குக் கொடுத்தது யார்? டீலர் இல்லை, வங்கி இல்லை. கோனை எடுத்து வச்ச கை எங்களோடது.

அவர் விஷயத்துல இன்னொண்ணும் எங்களை உறுத்துது. அவர் அந்த ஒன்பதாயிரத்தைக் கட்டியிருக்கவே தேவையில்லாம இருந்திருக்கலாம். இந்த ஊர்ல 2012 செப்டம்பர் 1லேருந்து ஒரு சட்டம் இருக்கு. லெமன் லான்னு சொல்வாங்க, அப்படியே தமிழ்ல சொன்னா எலுமிச்சம்பழச் சட்டம். (நாங்க வைக்கிற பழத்துக்கும் அதுக்கும் சம்பந்தமில்லை. பழுதான பொருளை அவங்க எலுமிச்சம்பழம்னு சொல்றாங்க.) கடைக்காரர்கிட்ட வாங்கின பொருள்ல ஆறு மாசத்துக்குள்ள குறை தெரிஞ்சா, வாங்கும்போதே அந்தக் குறை இருந்ததுன்னுதான் சட்டம் எடுத்துக்கும். இல்லைன்னு காட்டவேண்டியது விற்றவர் பொறுப்பு. பழைய காருக்கும் இது பொருந்தும். வயசுக்கேத்த தேய்மானத்தைக் குறைன்னு சொல்ல முடியாது, அது சரிதான். ஆனா நாலாவது மாசத்துல கியர்பாக்ஸே போறதைப் பத்திப் பேச அவருக்கு இடம் இருந்தது. முதல்ல சரிசெஞ்சு தரச் சொல்லலாம், மாத்தித் தரச் சொல்லலாம், முடியலைன்னா விலையில குறைக்கவோ பணத்தைத் திருப்பித் தரவோ கேட்கலாம். பயனீட்டாளர் சங்கத்துக்குப் போகலாம். 20,000 வெள்ளி வரைக்கும் சிறு கோரிக்கை நடுவர் மன்றத்துல வக்கீல் இல்லாமலே வழக்குப் போடலாம். இது எதுவும் அவருக்குத் தெரியலை. எங்களுக்கும் அப்போ தெரியலை. “எல்லாம் கண்ணுபட்டிருக்கும், இன்னொரு பழம் வைப்போம்”னு சொல்லி அனுப்பினோம். இன்னொரு பழம்!

ஒரு எச்சரிக்கையும் சொல்லணும். டீலர் இல்லாம நேரடியா உரிமையாளர்கிட்ட வாங்கினா இந்தச் சட்டம் உதவாது. அதே மாதிரி, வண்டி பரிசோதனை பாஸ் ஆயிருக்குன்னு காட்டுவாங்க. மூணு வருஷத்துக்கப்புறம் ரெண்டு வருஷத்துக்கொருமுறை செய்யவேண்டிய கட்டாயப் பரிசோதனை அது. பிரேக், புகை, விளக்கு இதையெல்லாம் பார்ப்பாங்க. கியர்பாக்ஸ் இன்னும் எத்தனை நாள் தாங்கும்னு பார்க்கிறது அந்தப் பரிசோதனையோட வேலை இல்லை. வாங்குறதுக்கு முன்னாடி விற்பவருக்குச் சம்பந்தமில்லாத ஒரு மெக்கானிக்கிட்ட காட்டுங்க. சில நூறு வெள்ளிதான் ஆகும். அதுக்குச் சம்மதிக்காத விற்பனையாளர்கிட்டேருந்து நன்றி சொல்லிட்டு வந்துடுங்க.

இந்தப் பதிவைப் போடுறதுக்கு முன்னாடி எங்க மெர்சிடிஸ் அண்ணன்கிட்ட படிக்கக் கொடுத்தோம். அவர் கோவப்படலை. “நான் மாசம் ரெண்டாயிரம் கரையுதுன்னு தெரிஞ்சுதான் வாங்கினேன். எனக்கு வேற செலவில்லை. குடி இல்லை, சூது இல்லை, ஊர் சுத்துறதில்லை. அம்மாவை டயாலிசிஸ் கூட்டிட்டுப் போறேன், அவங்க வலிக்காம உட்கார்ந்து வர்றாங்க. அதுக்கு நான் கொடுக்கிற விலை அது. ஆனா எனக்காகக் கோன் எடுக்காதீங்கடா, எனக்கே கூச்சமா இருக்கு”ன்னார். அவர் சொன்னதுல எங்களுக்கு ஒரு மறுப்பும் இல்லை. கணக்குத் தெரிஞ்சு ஆசைப்படுறது வேற. அவர் அடுத்த பத்து வருஷம் அதைக் கட்டிக்கிட்டே அன்னதானத்துக்கும் அரிசி போடுவார். பிரச்சினை, கணக்கு மேல பொருத்தமில்லாம, கோயில் வாசல்ல மத்தவங்க முன்னாடி நிக்கணும்கிறதுக்காக எடுக்கிறதுலதான். அந்த வாசலை நடத்துறவங்க நாங்க.

சாமிக்கு வாகனம் இல்லையான்னு கேட்பீங்க. இருக்கு. மயில், கருடன், ரிஷபம் எல்லாம் நாங்கதான் தோள்ல தூக்குறோம். மயிலுக்கு சிஓஇ இல்லை, முதுகுவலி மட்டும்தான். தைப்பூசத்தன்னைக்குப் பாருங்க. சிராங்கூன் ரோடு பெருமாள் கோயில்லேருந்து டேங்க் ரோடு வரைக்கும் மூணு கிலோமீட்டருக்கு மேல எல்லாரும் வெறுங்கால்ல நடக்கிறோம். பென்ட்லிக்காரரும் நடக்கிறார், ஜூ கூன் விடுதியிலேருந்து வந்த தம்பியும் நடக்கிறார். பால்குடத்துல யார் எந்தக் கார்ல வந்தாங்கன்னு எழுதி ஒட்டியிருக்கிறதில்லை. அன்னைக்கு நம்மால முடியுது. மத்த வெள்ளிக்கிழமைகள்ல மட்டும் ஏன் முடியலை?

சிலர் சொல்வாங்க, பெரிய வண்டிக்காரங்கதான் பெரிய நன்கொடை தர்றாங்க, அவங்களைக் கவனிக்கலைன்னா கோயில் எப்படி நடக்கும்னு. நாங்களும் அப்படித்தான் நினைச்சிருந்தோம். அன்னதான நோட்டை எடுத்துப் பார்த்தோம். யார் எவ்வளவுன்னு சொல்ல மாட்டோம், அது முறையில்லை. ஒண்ணு மட்டும் சொல்றோம்: மாசம் தவறாம வர்ற தொகைகள்ல முக்கால்வாசி, பஸ்ல வர்றவங்களோடது. அந்தத் தம்பியோட அம்மா தர்ற பத்து வெள்ளியும் அதுல இருக்கு. அவர் கார் எடுத்த வருஷம், கடன் கட்டின வருஷம், ரெண்டிலும் அது நிக்கலை.

போன வாரம் நிர்வாகத்துக்கு ஒரு கடிதம் கொடுத்திருக்கோம். தொண்டூழியர் பதினோரு பேர் கையெழுத்து. வாசல்ல இருக்கிற ரெண்டு இடமும் இனிமே சக்கர நாற்காலியில வர்றவங்களுக்கும், சமையல் சாமான் இறக்குற வேனுக்கும் மட்டும். யார் வந்தாலும், எந்த வண்டியில வந்தாலும் கோன் நகராது. நன்கொடையாளர், தலைவர், விருந்தாளி, யாரா இருந்தாலும் பக்கத்துப் புளோக் கார்பார்க்ல நிறுத்திட்டு நடந்து வரட்டும், மூணு நிமிஷம். நிர்வாகம் இன்னும் பதில் தரலை. தந்தா இங்கேயே போடுறோம். பதில் வரும் வரைக்கும் நாங்க கோனைத் தொடுறதில்லைன்னு முடிவு பண்ணியிருக்கோம். வேணும்னா அவங்களே எடுத்து வைக்கட்டும்.

62,000 வெள்ளி வண்டி கேட்ட தம்பிக்கு எங்க பதில்: வேண்டாம். உங்களுக்கு ரெண்டு சின்னப் புள்ளைங்க, மனைவிக்கு ஷிஃப்ட் வேலை, கார் தேவைதான், புரியுது. அதே ரெண்டு வருஷத்துக்கு ஒரு சாதாரண ஜப்பான் வண்டியைப் பாருங்க. நாங்க பார்த்த விளம்பரங்கள்ல வருஷத்துக்குப் பத்துப் பன்னிரண்டாயிரம் தேய்மானத்துல கிடைக்குது. வாங்குறதுக்கு முன்னாடி எங்க யாரையாவது கூட்டிட்டுப் போங்க, எங்கள்ல ஒருத்தர் மெக்கானிக்கா இருந்து ஓய்வு பெற்றவர், காசு வாங்க மாட்டார், ஒரு கோப்பி போதும். இல்லை, அந்த ஜெர்மன் வண்டிதான் வேணும்னு மனசு சொன்னா, மேல இருக்கிற கணக்கை வீட்டம்மாகிட்ட காட்டிட்டு எடுங்க. எது எடுத்தாலும் பூஜைக்குக் கொண்டு வாங்க. பழம் நாங்க தர்றோம்.

பழைய தம்பி இதைப் படிக்கிறாரான்னு தெரியலை. அவர் நண்பர்கள் யாராவது படிச்சா சொல்லுங்க: வர்ற கிருத்திகைக்கு நூத்தம்பது பேருக்குச் சமையல். வெங்காயம் இருபது கிலோ வருது. அவர் அளவுக்கு வேகமா வெட்ட எங்கள்ல ஆள் இல்லை. காலையில ஆறு மணிக்கு ஆரம்பிக்கிறோம், முதல் பஸ் அதுக்கு முன்னாடியே இருக்கு.